உத்தரவு நம் கையில், பணம் பில்டர் கையில்

ஃபிளாட் கட்டித் தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் ஒப்படைக்காத பில்டர் மீது ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்து ஜெயித்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், ஒரு உத்தரவு கிடைக்கிறது என்று மட்டுமே என்னால் சொல்ல முடியும். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். அந்தத் தாளை வீட்டு உரிமையாளர் வாடகைக்கு ஈடாக வாங்கிக்கொள்ள மாட்டார், வங்கியும் அதற்காகத் தவணையை ஒரு நாள்கூடத் தள்ளி வைக்காது. ஜெயித்த பிறகும் அலைய வைக்கிறார்களே என்ற ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் வாசகத்தில் பெரிய குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. 2016இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வாங்குபவர் பணம் கட்டத் தாமதித்தால் எவ்வளவு வட்டியோ, பில்டர் வீட்டைத் தரத் தாமதித்தாலும் அதே வட்டி என்கிறது. ஒப்படைப்புத் தேதி தவறினால் விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம், அல்லது வீடு கைக்கு வரும்வரை மாதந்தோறும் வட்டி வாங்கலாம் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. பில்டர் கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

ஆனால் கட்டுமான இடத்தில் நடப்பது வேறு. சென்னைக்குத் தெற்கே நாங்கள் பதிவு செய்த அடுக்குமாடித் திட்டத்தில், ஒவ்வொரு ஸ்லாப் போட்டதும் ஒரு தவணை என்று ஒப்பந்தம் போட்டார்கள். மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்ட அன்றே விலையில் பத்தில் ஒன்பது பங்கு வங்கியிலிருந்து நேராக அவர்கள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு செங்கல் சுவர், பூச்சு, ஒயரிங், தண்ணீர்க் குழாய், லிஃப்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று செலவு பிடிக்கிற வேலைகள் எல்லாம் மீதம் இருந்தன. வர வேண்டியதோ கடைசித் துளி. அந்தத் துளிக்காக யார் மேஸ்திரியை அழைத்து வந்து வேலையை முடிப்பார்கள்? வேலை நின்றுபோனது. காலாண்டுக்கு ஒருமுறை பணியின் நிலையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்காகப் படங்கள் மட்டும் தவறாமல் ஏறின. அந்தப் படங்களில் மொட்டைமாடித் தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு ஏறிக்கொண்டே போனதைத் தவிர வேறு எந்த மாற்றத்தையும் நான் பார்க்கவில்லை.

வாங்குபவர்களிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்த 70 சதவீதத்திலேயே கட்டுமானச் செலவோடு நிலத்தின் விலையும் அடக்கம். பணத்தை எடுக்கப் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரும் சான்று தர வேண்டும். அந்த மூவருக்கும் சம்பளம் கொடுப்பது யார்? பில்டர்தான். யாருடைய பணத்துக்குக் காவல் வேண்டுமோ, அந்த வாங்குபவர்களின் சார்பில் அங்கே ஒருவர்கூட இல்லை.

இதற்கிடையில் வருமான வரிச் சட்டம் எங்களுக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்பது பழைய வரி முறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்காவிட்டால் அந்த வரம்பு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கட்டாமல் விட்டவர் பில்டர், சலுகையை இழப்பவர் கடன் வாங்கியவர். வாடகையும் கட்டி, வட்டியும் கட்டி, அதற்கு மேல் வரியும் கூடுதலாகக் கட்டுகிற ஒருவரிடம் போய், சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

புகாரை விசாரிக்கும் ரெரா ஆணையம் அதை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. வாய்தாக்கள் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கடைசியில் உத்தரவு வந்தது. என்னால் பொறுக்க முடியாதது உத்தரவுக்குப் பிறகு நடப்பதுதான். பில்டர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், எங்களுக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் முதலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று 43ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. நல்ல விதி. அதனால் விவரம் தெரிந்த பில்டர் மேல்முறையீட்டுக்கே போவதில்லை. பணமும் கட்டுவதில்லை, சும்மா இருந்துவிடுகிறார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆணையத்தின் உத்தரவை மீறினால் அபராதம் மட்டும்தான், அதுவும் திட்ட மதிப்பீட்டில் 5 சதவீதத்துக்கு மிகாமல். மேல்முறையீடு செய்து தோற்றவரைவிட, எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து குறைவு என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது.

பணத்தை வசூலிக்க 40ஆம் பிரிவு காட்டும் வழி, நில வருவாய் நிலுவையைப் போல, அதாவது கட்டாத நில வரியை அரசு வசூலிப்பதைப் போல வசூலிப்பது. தமிழ்நாட்டில் அதற்குப் பயன்படுவது 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். ஆணையத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு, ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு என்று கோப்பு இறங்குகிறது. தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம், பட்டா மாறுதல், சாதிச் சான்று, நில எடுப்பு என்று மூச்சுவிட நேரமில்லாத அந்த அலுவலர்களுக்குத் தனியார் ஒருவரின் வீட்டுப் பணம் எந்த இடத்தில் வரும்? அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, முடிந்ததா என்று திரும்பிப் பார்க்காத அமைப்பின்மீதுதான் கோபம். எங்களைப் பார்த்ததும் அங்கே கேட்ட முதல் கேள்வியே, அந்த நிறுவனத்தின் பெயரில் எந்த சர்வே எண்ணில் சொத்து இருக்கிறது, வில்லங்கச் சான்று எடுத்து வந்திருக்கிறீர்களா என்பதுதான். பில்டரின் சொத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் ஏமாந்தவனுக்கே வந்து சேர்கிறது. தேடிப் பார்த்தால், நிறுவனத்தின் பெயரில் இருப்பது அரைகுறையாக நிற்கும் அந்தக் கட்டடம்தான், அதிலும் நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிபடாத பாகங்கள் எல்லாம் எங்கள் பெயரிலேயே பத்திரமாகியிருக்கின்றன.

உச்ச நீதிமன்றம் இதில் வாய் மூடி இருக்கவில்லை. நியூடெக் என்ற பில்டர் நிறுவனத்தின் வழக்கில் 2021 நவம்பரில், ஒப்படைப்பு தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்றும், வட்டியோடு அசலையும் நில வருவாய் நிலுவையாகவே வசூலிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில், வீட்டுக்கான உரிமை வெறும் ஒப்பந்த உரிமை அல்ல, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே சொன்னது. இவ்வளவு சொன்ன பிறகும் வட்டாட்சியர் அலுவலக மேசையில் கோப்பு நகரவில்லை என்றால், குறை சட்ட விளக்கத்தில் இல்லை, நிறைவேற்றத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, நாங்கள் அதிகமாக நெருக்கினால் நிறுவனத்தைத் திவாலாக்கிவிடுவேன் என்ற மிரட்டல் வேறு. திவால் நடவடிக்கை தொடங்கினால் எல்லா வசூலும் அப்படியே நின்றுவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மகாராஷ்டிரத்தில் 2023இல் ரெரா ஆணையமே ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி ஒருவரை நியமித்து, ஆட்சியர் அலுவலகங்களில் தேங்கிய வசூலைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தது. ஆக, இது செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆணையத்துக்கென்றே வசூல் அலுவலர்கள் வேண்டும், ஒவ்வொரு வசூல் கோப்பும் எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று இணையத்தில் தெரிய வேண்டும், ஆணையத்தின் உத்தரவை மீறினாலும் சிறை என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பணத்தைத் தராத அதே பில்டர் இன்று வேறொரு திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கிறார், அதில் ரெரா பதிவு எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், உத்தரவு வந்தும் அவர் இதுவரை திருப்பித் தராத தொகை எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.