அந்தப் பையனின் டெக்கைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஒரு பையனின் டெக்கை, அதாவது அவன் ஆடும் சீட்டுக்கட்டை, கேலி செய்யும் அந்தப் படத்தை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். சனிக்கிழமை அந்த மேஜிக் (Magic: The Gathering) சீட்டாட்ட மேசையில் நானும் இருந்தேன், அதனால் படத்தில் வராததையும் பார்த்தேன். "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நேற்றிலிருந்து டேக் செய்துகொண்டே இருக்கிறீர்கள் அல்லவா, சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

அந்தப் பையன் எதையும் மறைக்கவில்லை. உட்காருவதற்கு முன்பே, "டெக்கில் பாதி பிராக்ஸி, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டான். பிராக்ஸி என்றால் அசல் கார்டுக்குப் பதில் தானே அச்சிட்டுக்கொண்ட நகல். பரிசு கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. நாலு பேர் சும்மா ஆடும் கமாண்டர் என்ற வகை ஆட்டம். ஒருவர் எழுந்து வேறு மேசைக்குப் போனார். அது அவர் உரிமை, போகட்டும். இன்னொருவர் சரி என்று தலையாட்டி, முழு ஆட்டத்தையும் ஆடி, தோற்று, பையன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவன் டெக்கைப் பரப்பிப் படம் எடுத்து "ஜெராக்ஸ் கடை திறப்பு விழா" என்று போட்டிருக்கிறார். அதன் கீழே எத்தனை சிரிப்பு! சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கு வேண்டியவர்கள்.

மேஜிக் விலை அதிகம் என்பதல்ல என் புகார். விலை கொடுத்து வாங்கியது நிலைப்பதில்லை என்பதுதான் புகார். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு அப்புறம் கீழே வாருங்கள்.

ஃபார்மட் என்றால் எந்தெந்தக் கார்டுகள் செல்லும் என்று சொல்லும் ஆட்ட வகை. ஸ்டாண்டர்டு ஃபார்மட்டையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் "டைப் 2" என்ற பெயரில் வந்தபோது நோக்கம் நல்ல நோக்கம்தான். புதிதாக வருபவன் பழைய கார்டுகளைத் தேடி அலைய வேண்டாம், சமீபத்தில் வந்தவை மட்டும் போதும் என்றார்கள் மேஜிக்கை அச்சிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தார். சரி. அப்புறம் ரொட்டேஷனை, அதாவது பழைய கார்டுத் தொகுப்புகளை (செட்) ஃபார்மட்டிலிருந்து வெளியேற்றுவதை, வருடத்துக்கு இரண்டு முறை ஆக்கப்போவதாக 2014-ல் அறிவித்தார்கள். 2016-ல் அது நடைமுறைக்கு வந்தது, அதே வருடம் அக்டோபரிலேயே வேண்டாம் என்று பழையபடி வருடத்துக்கு ஒன்றாக்கினார்கள். 2023-ல் கார்டுகளின் ஆயுளை இரண்டு வருடத்திலிருந்து மூன்று வருடமாக நீட்டினார்கள். அப்போது கைதட்டியவன் நான். ஆனால் ஆயுளை நீட்டிய கையோடு 2025-ல் ஆறு செட், 2026-க்கு ஏழு செட் என்று கொட்ட ஆரம்பித்தால் அந்த மூன்று வருடத்துக்கு என்ன மதிப்பு? டெக் சட்டப்படி செல்லும், ஆடினால் தோற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுசு வந்து அதன் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்படியென்றால் ரொட்டேஷன் இல்லாத ஃபார்மட்டில் ஆடுங்களேன்" என்பார்கள். எதில்? 1997-ல் வந்த, ரொட்டேஷன் மெதுவாகவே நடந்த எக்ஸ்டெண்டட்டிலா? அதை 2010-ல் நாலு வருடமாகச் சுருக்கி, 2013-ல் இழுத்து மூடியாயிற்று. மாடர்னிலா? 2011-ல் அது அறிமுகமானபோது எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? எட்டாம் பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்டில் வந்த எல்லாம் செல்லும், எதுவும் காலாவதி ஆகாது, ஒருமுறை நன்றாகச் செலவு செய்து ஒரு டெக் கட்டினால் ஆயுசுக்கும் அதுதான். நம்பி வாங்கினோம். 2019-ல் மாடர்ன் ஹொரைசன்ஸ் வந்தது. ஸ்டாண்டர்டு வழியாக வராமல் நேராக மாடர்னுக்கென்றே அச்சான கார்டுகள். 2021-ல் இரண்டாவது, 2024-ல் மூன்றாவது. ஒவ்வொன்றும் வந்து இறங்கியதும் அதற்கு முந்தைய டெக்குகளில் பாதி பெட்டிக்குள் போயின. காகிதத்தில் ரொட்டேஷன் இல்லை. மேசையில் இருக்கிறது. எப்போது வரும் என்று முன்கூட்டித் தேதி சொல்லாத ரொட்டேஷன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போதாததற்குத் தடைப்பட்டியல். முதல் ஹொரைசன்ஸில் வந்த ஹோகாக் என்ற கார்டை வெளிவந்த கோடையிலேயே தடை செய்தார்கள். மூன்றாவதில் வந்த 'நாடு' (Nadu) என்ற கார்டுக்கும் அதே கதி. 2023-ல் வந்த 'தி ஒன் ரிங்' கார்டை நாலு நாலு பிரதியாக எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, 2024 டிசம்பரில் மாடர்னில் தடை. தடை செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை, ஆட்டத்தைக் கெடுத்த கார்டுகள்தான். ஆனால் அதற்கான செலவு யார் தலையில்? அச்சடித்தவர் தலையில் இல்லை.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தி மகன். மேஜிக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அபாரமான ஆட்டக்காரன். எதிராளி எந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லுவான். முதல் ரவ்னிகா செட் வந்த காலத்தில் அவன் கட்டிய டெக் ஒன்று இருந்தது. காசு சேர்த்து ஒவ்வொரு நிலக் கார்டாக (மந்திரம் போடச் சக்தி தரும் கார்டு) வாங்கினான். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆட்டம் விட்டுப்போனது. போன வருடம் திடீரென்று ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கார்டுகளுக்குப் போடும் உறை, ஸ்லீவ்கூட மாற்றியிருந்தான், புத்தம்புது கறுப்பு ஸ்லீவ். "அண்ணே, இதை வச்சு இப்ப எதுல ஆடலாம்?"

விளக்க ஆரம்பித்தேன். ஸ்டாண்டர்டில் செல்லாது. 2019-ல் பயனியர் என்று ஒன்று வந்தது, அதிலும் செல்லாது, அது இரண்டாவது ரவ்னிகாவிலிருந்துதான் தொடங்கும். மாடர்னில் செல்லும், ஆனால் நாலாவது டர்னுக்கு முன்னாலேயே கதை முடிந்துவிடும். லெகசியில் செல்லும், ஆனால் எதிரே இருப்பவன் ரிசர்வ்டு லிஸ்டில் உள்ள, இனி அச்சிடப்படாத டூயல் லேண்டு என்ற நிலக் கார்டுகள் வைத்திருப்பான், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டாலர். கமாண்டருக்கு நூறு கார்டு வேண்டும், ஒரு கார்டு ஒருமுறைதான் இருக்கலாம், உன் நாலு நாலு பிரதிகளில் மூன்று மூன்று வீண். நான் சொல்லிக்கொண்டே போனேன், அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் "சரிண்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்று பெட்டியை மூடினான். அவனிடம் காசில்லாமல் இல்லை. இன்று என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறான். திரும்பவும் முதலிலிருந்து வாங்கு என்றால் எவனுக்கும் மனசு வராது, அதுதான்.

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"எந்தப் பொழுதுபோக்குக்குத்தான் செலவில்லை? கேமரா வாங்குபவன் லென்ஸுக்குக் கொட்டவில்லையா?" கொட்டுகிறான். ஆனால் போன வருடம் வாங்கிய லென்ஸை "இந்த வருடத்துப் பூக்களை இதில் எடுக்கக்கூடாது" என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை.

"பாப்பர் ஃபார்மட் ஆடு, எளிதில் கிடைக்கும் காமன் கார்டுகள் மட்டும்தான், மலிவு." ஆடுகிறேன் சார். நல்ல ஃபார்மட். எதிரே உட்கார ஒரு ஆளை அனுப்பிவையுங்கள். இந்த யோசனையைச் சொல்லும் யாரும் பாப்பர் டெக்கோடு வந்து நான் பார்த்ததில்லை.

"கணினியில் ஆடும் அரீனாவில் இலவசமாக ஆடலாமே." ஆடலாம். அதில் சேர்த்த கார்டை விற்கவும் முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது.

"எல்லாரும் பிராக்ஸி அடித்தால் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?" இது நியாயமான கேள்விதான். அந்தப் பையன் அன்று ஸ்லீவும் ஒரு பூஸ்டரும் (கார்டு பாக்கெட்) காசு கொடுத்துத்தான் வாங்கினான் என்பதோடு இதை விடுகிறேன். இன்னொரு நாள் பேசுவோம்.

இனி எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம்: "நாங்கள் இவ்வளவு போட்டு வாங்கியிருக்கிறோம், எங்கள் கார்டுகளுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?" வாங்க, இதைப் பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மதிப்புக்காகத்தான் 1996-லேயே ரிசர்வ்டு லிஸ்ட் வந்தது. 1995-ல் க்ரானிகிள்ஸ் என்று பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டதும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். உடனே, இந்தப் பட்டியலில் இருப்பதைப் போட்டியில் செல்லும் வடிவில் இனி அச்சிடவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள், பாராட்டுகிறேன். மாடர்ன் ஆட்டக்காரனுக்கு அப்படி ஒரு வாக்கு யாரும் கொடுக்கவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருப்பவனுக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு, மேசையில் வைத்து ஆடுபவனுக்கு அடுத்த செட்டின் விளம்பரம்.

அப்புறம் 2022-ல் முப்பதாம் ஆண்டு என்று ஒரு பெட்டி வந்தது, நினைவிருக்கிறதா? நாலு பாக்கெட், மொத்தம் அறுபது கார்டு, 999 டாலர். பின்பக்கம் வேறு மாதிரி, போட்டிகளில் செல்லாது. போட்டியில் செல்லாத, பின்பக்கம் வேறான, பழைய கார்டின் நகல். அதை நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள்? பையன் வீட்டு பிரிண்டரில் எடுத்தால் ஜெராக்ஸ், ஆயிரம் டாலர் கொடுத்தால் நினைவுப் பரிசா? அந்தப் பெட்டியின் படத்தைப் பார்த்து "கனவு" என்று அன்று இதயம் போட்டவரும், பையனின் டெக்கைப் பார்த்து நேற்றுச் சிரித்தவரும் ஒரே ஆள். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

அதுவும் இல்லாமல், தனிப்பட்ட உபயோகத்துக்குச் செய்துகொள்ளும் பரிசோதனைக் கார்டுகளைப் போலீஸ் வேலை பார்த்துப் பிடிக்கும் எண்ணம் எங்களுக்கில்லை, கடையில் ஆடினாலும் சரி, அங்கீகரிக்கப்பட்ட போட்டியாக இல்லாதவரை பிரச்சினையில்லை என்று விசார்ட்ஸே 2016-ல் சொல்லியாயிற்று. விற்பதற்காகச் செய்யும் கள்ளக் கார்டு வேறு, அதை நானும் எதிர்ப்பேன். நிறுவனத்துக்கே இல்லாத ரோஷம் நம் ஆட்களுக்கு எங்கிருந்து வருகிறது? சம்பளம் ஏதாவது வருகிறதா?

கமாண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கண்டுபிடித்ததல்ல, ஆட்டக்காரர்கள் பழைய கார்டுகளை வைத்துச் சொந்தமாக உருவாக்கிய ஃபார்மட். பெட்டியில் கிடக்கும் கார்டுக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்று ஆடியது. 2011-ல் நிறுவனமே அதற்கென்று டெக் விற்க ஆரம்பித்தது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம். பிறகு கமாண்டருக்கென்றே வடிவமைத்த கார்டுகள். ஜுவல்டு லோட்டஸ் என்ற கார்டை 2020-ல் விட்டார்கள், 2023-ல் மறுபடி விட்டார்கள், பூஸ்டரை உடைக்க அதுவே தூண்டில். 2024 செப்டம்பரில் அதற்கும் மானா கிரிப்ட், டாக்சைடு என்ற கார்டுகளுக்கும் தடை வந்தது. தடை செய்த விதிக்குழுவில் இருந்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள் நம் ஆட்கள். ஒரே வாரத்தில் அவர்கள் ஃபார்மட்டையே விசார்ட்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு கார்டின் விலை இறங்கியதற்காக, பல வருடம் காசு வாங்காமல் உழைத்தவனை மிரட்டும் கூட்டம் இது. இதற்குப் பெயர் முதலீடாம்.

ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். "நீங்களே இத்தனை வருடம் வாங்கித்தானே ஆடினீர்கள், இப்போது ஏன் அழுகுணித்தனம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்கினேன். இன்னும் வாங்குவேன். நல்ல ஓவியம் போட்ட கார்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. நான் வாங்குகிறேன் என்பதற்காக, வாங்காதவன் என் எதிரே உட்காரக் கூடாது என்று எப்போது முடிவு செய்தோம்? அந்தப் பையன் அன்று எங்கள் எல்லாரையும் ஜெயித்தான். பிராக்ஸியால் ஜெயிக்கவில்லை, நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தபோது பேசாமல் இருந்து, சரியான நேரத்தில் ஒரே ஒரு எதிர்மந்திரம் போட்டு ஜெயித்தான். அவனுடைய அந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? எனக்கு உண்மையில் வலிப்பது அதுதான்.

அவனுக்கு நேற்று செய்தி அனுப்பினேன், பார்த்துவிட்டான், பதில் இல்லை. அவன் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், என் மேசையில் பிராக்ஸிக்கு அனுமதி கேட்கவே வேண்டாம். பிடிக்காதவர்கள் வேறு மேசை பார்த்துக்கொள்ளலாம், இடம் நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தம்பியின் டெக்கைப் பற்றி நான் முன்பொருமுறை எழுதியதைத் தேடிப் பிடித்து, "அந்த நிலக் கார்டுகளை விற்கிறாரா, என்ன விலை?" என்று இன்று காலையில் இன்பாக்ஸில் கேட்டிருக்கும் புண்ணியவானே, விற்கவில்லை.