திரும்பப் பெறுவது தண்டனை இல்லை

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரையின் கணக்குப் பிழையைச் சுட்டி, அதைத் திரும்பப் பெறுங்கள், அதாவது 'இந்தக் கட்டுரை இனி செல்லாது' என்று அறிவியுங்கள் என்று எழுதியிருந்தேன். அந்த இதழின் பதிலை எல்லோரும் படித்திருப்பீர்கள். பிழை இருக்கிறதாம், ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெறும் அளவுக்கு இல்லையாம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கடிதம் அனுப்பலாமாம். கணக்கு தப்பு என்பதில் மாற்றுக் கருத்துக்கு என்ன இடம்? அவர்கள் போட்ட அட்டவணையிலிருந்து அவர்கள் சொன்ன முடிவு வரவில்லை. முடிவு நிற்கவில்லை என்றால் கட்டுரையும் நிற்கக் கூடாது.

"வேண்டுமென்றா செய்தார்கள், பாவம்" என்கிறார்கள். நான் யாரையும் திருடன் என்று சொல்லவே இல்லை. தெரியாமல் நேர்ந்த பிழைக்கும் திரும்பப் பெறலாம் என்று ஆய்விதழ்களுக்கு வெளியீட்டு நெறிகளை வகுக்கும் கோப் (COPE) அமைப்பின் நெறிமுறையிலேயே இருக்கிறது. மத்தியதரைக்கடல் பகுதி உணவு இதயநோயைத் தடுக்குமா என்று பார்த்த ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றது. யார் எந்த உணவுக் குழு என்று ஓரிடத்தில் ஆளுக்கு ஆள் குலுக்கல் போடாமல் மருத்துவ நிலையத்தையே மொத்தமாக ஒரு குழுவில் சேர்த்திருந்தார்கள். தெரிந்ததும் 2018-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்திய பகுப்பாய்வை அதே இதழில் வெளியிட்டார்கள். அதுதான் முறை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒரு கட்டுரையின் எண்களை எடுத்துத் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தன் தொகுப்பாய்வில் சேர்த்தாள். அந்த ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட்டு எங்கோ தள்ளி நின்றது. இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். அட்டவணையில் திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) என்று தலைப்புப் போட்ட நெடுவரிசையில் இருந்தது திட்டப்பிழை (சராசரி எவ்வளவு பிசகலாம் என்பது). ஒரு குழுவில் நூறு பேர் என்றால் திட்டப்பிழை திட்டவிலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, குழுக்களின் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்துக்குப் பதில் அதால் வகுத்தால் விளைவு பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். அதை வைத்தே அவர்களும் முடிவை எழுதியிருந்தார்கள். இதழுக்கு எழுதினோம். பதினோரு மாதம் கழித்து வந்த பதில்: "கட்டுரையாளர்கள் உடன்படவில்லை." அவ்வளவுதான். அவள் ஓர் அத்தியாயத்தையே தூக்கிப் போட்டாள். அந்தக் கட்டுரை இன்றும் அப்படியே இருக்கிறது.

"புள்ளியியல்காரர்களுக்குக் குறை கண்டுபிடிப்பதே வேலை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், வேலைதான். கட்டியின் மரபணுக்களை வைத்து எந்த மருந்து கேட்கும் என்று கணித்த, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் புற்றுநோய் ஆய்வில் மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்து, தவறான மரபணுக்களின் பெயர்கள் வந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள். 2009-இல் ஒரு புள்ளியியல் இதழில் விரிவாக எழுதினார்கள். அந்த ஆய்வின் 2006-இல் வந்த முக்கியமான கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2011-இல். இடையில் அந்த முறையை வைத்து நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தார்கள். யாருடைய பெயர் கெடும் என்று யோசிக்கிறவர்கள் அந்த நோயாளிகளையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

"நீ பிழையே செய்ததில்லையா?" செய்திருக்கிறேன். யாராவது காட்டினால் திரும்பப் பெறுவேன். கஷ்டமாகத்தான் இருக்கும்.

சரி, நாளைக்கு அந்த இதழுக்கு மறுபடி எழுதுகிறேன். கணக்கை வரி வரியாக இணைத்து அனுப்புவேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.