அடுக்குப் பூவும் அகாமஸ் மரபணுவும்

ஜப்பானிய அழகுச் செர்ரியின் அடுக்குப் பூக்களை ‘வளர்ச்சிக் குறைபாடு’ என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது ஏமாற்றமளிக்கிறது. மகரந்தத்தாளையும் சூலகத்தையும் உருவாக்குவதோடு, பூமொட்டின் வளர்ச்சியை உரிய இடத்தில் நிறுத்தவும் செய்யும் அகாமஸ் மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலில் ஓர் எக்சான் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டு) விடுபட்டுப்போவதால், மகரந்தத்தாள்கள் இருக்கவேண்டிய இடத்தில் இதழ்கள் தோன்றுகின்றன என்பதைச் செர்ரியிலேயே ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ‘இச்சியோ’ வகையில் சூலகமே இலையாகிவிடுகிறது. ‘ஒற்றை இலை’ என்பதே அப்பெயரின் பொருள்.

ஏற்காட்டில் எங்கள் வேலியோர அடுக்குச் செம்பருத்தியிலும், பாதி இதழாகி நுனியில் மகரந்தப்பையைச் சுமந்து நிற்கும் தாள்களைக் காணலாம் (கருவி எதுவும் வேண்டாம், பூவைப் பிய்க்க மனம் வந்தால் போதும்). ஆனால் எல்லா அடுக்குப் பூக்களுக்கும் காரணம் ஒன்றன்று. ரோஜாவிலும் பீச்சிலும், பூவின் உறுப்புகளை வடிவமைப்பதில் பங்குள்ள ஏ.பி.2 வகை மரபணு ஒன்று, தன்னைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 (மரபணுவின் செயலை அடக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ.) பற்றும் பகுதியை இழந்ததே காரணம்.