பவர் பேங்கில் ஸ்கூட்டர் ஓடாது

"20,000 எம்ஏஎச் பவர் பேங்க் பையில் இருந்தால் போதும், சார்ஜ் தீர்ந்தாலும் மின்சார ஸ்கூட்டர் இன்னும் 20 கிலோமீட்டர் போகும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் ராத்திரியில் நெடுஞ்சாலைக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

அந்த 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது 20 ஆம்பியர்-மணி, பவர் பேங்குக்குள் இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், அதில் இருக்கும் மின்னாற்றல் 74 வாட்-மணிதான். நம் ஊர் ஸ்கூட்டர்கள் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட்-மணி எடுக்கும். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை கிலோமீட்டர். அதையும் யுஎஸ்பி வழியாக 48 வோல்ட் பேட்டரியில் ஏற்ற நேரடி வழி கிடையாது.

அவருடைய அடுத்த யோசனைதான் பயமாக இருக்கிறது: பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகள் நான்கைக் கோத்து ஸ்கூட்டர் பேட்டரியோடு நேராக இணைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய இன்வெர்ட்டர்களில் பொதுவாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியும் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியும் ஒரே வோல்டேஜில் நிற்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாய்ந்தால் வயர் உருகும், தீப்பிடிக்கலாம்.

வண்டியோடு வந்த சார்ஜரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 750 வாட் சார்ஜர் என்றால், வழியில் டீக்கடையில் கேட்டு அரை மணி நேரம் செருகினாலே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கிடைக்கும். பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால், அதே நிறுவனத்தின் இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கி வைக்கலாம். விலை அதிகம்தான், ஆனால் பாதுகாப்பானது.