‘டென்னசி விஸ்கி’ ஸ்டேபிள்டன் எழுதிய பாட்டு அல்ல

அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புற வேர் கொண்ட இசை வகை) பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் ‘டிராவலர்’ ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் அவரே எழுதியவை, ‘டென்னசி விஸ்கி’ உட்பட, என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறு. அந்தப் பாட்டை எழுதியவர்கள் டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும். 1981-இல் டேவிட் ஆலன் கோ பாடினார், 1983-இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் பெரிய ஹிட் ஆக்கினார். ஜோன்ஸ் பாடியதையும் ஒருமுறை கேளுங்கள். அது அசல் கன்ட்ரி நடை. ஸ்டேபிள்டன் அதே பாட்டை மெதுவாக்கி, ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோக இசை) மாதிரி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடுகிறார். அவருடைய பங்கு அந்தக் குரலும் நடையும்தான், அதுவே பெரிய விஷயம்.

அதே ஆல்பத்தில் உள்ள ‘வாஸ் இட் 26’ பாட்டும் அவர் எழுதியதல்ல. மீதி 12 பாட்டுகளில் எழுதியவராக அவர் பெயர் இருக்கிறது.

அப்புறம், 2015-இல் வந்த ‘டிராவலர்’ அவருடைய முதல் தனி ஆல்பம்தான், ஆனால் அவர் புதுமுகம் இல்லை. அதற்கு முன்பே பல வருடங்கள் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரில் மற்றவர்களுக்குப் பாட்டெழுதியவர்.