மிஞ்சியவர்கள் எத்தனை பேர்?

ஒரே குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அவர்கள் வளர்ச்சியைப் பார்க்கும் புதிய தேசிய ஆய்வை ஒரு நாடு அறிவித்தால், தலைப்பில் வருவது ஒரு பிரமாண்ட எண்தான். ஐம்பதாயிரம் குழந்தைகள், ஒரு லட்சம் குழந்தைகள்! அந்த எண்ணின்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருபது ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் பதில் சொல்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.

அமெரிக்கா 2000இல் சட்டமே இயற்றி, ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறப்பதற்கு முன்பிருந்து 21 வயது வரை தொடரத் திட்டமிட்டது. முன்னோட்டத்திலேயே ஆண்டுகள் கரைந்தன. நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழிந்த பிறகு, 2014 டிசம்பரில் கடையைக் கட்டிவிட்டார்கள். முழு ஆய்வு தொடங்கவே இல்லை.

நியூசிலாந்தின் டனீடினில் எடுத்துக்கொண்டது 1,037 குழந்தைகளைத்தான். தேசிய ஆய்வுகூட அல்ல, ஒரே ஊர். 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே பிறந்தவர்கள். அவர்களுக்கு 45 வயதானபோது உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களை விமான டிக்கெட் கொடுத்து வரவழைக்கிறார்கள். சிறுவயதில் சுயகட்டுப்பாடு குறைவாக இருந்தவர்கள் முப்பதுகளில் உடல்நலத்திலும் பணத்திலும் கூடுதலாகத் தடுமாறினார்கள் என்று அந்த ஆய்வு சொன்னதை உலகம் காது கொடுத்துக் கேட்டதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பாதியில் காணாமல் போகிறவர்கள் குலுக்கல் முறையில் போவதில்லை. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், பெற்றோர் பிரிந்த பிள்ளைகள், வறுமையில் இருப்பவர்கள்தான் அதிகம் நழுவுகிறார்கள். யாருடைய கதையைத் தெரிந்துகொள்வதற்காக ஆய்வு தேவைப்பட்டதோ, அவர்களே பட்டியலில் இல்லை. மிஞ்சிய ஏழைக் குடும்பங்களின் விடைக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிக்கட்டுவார்கள் புள்ளியியலாளர்கள். அதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: தங்கிய ஏழையும் தொலைந்த ஏழையும் ஒன்று என்பது. பல நேரங்களில் அது உண்மையாக இருக்காது.

சில சமயம் ஆரம்பத்திலேயே கதவு சாத்தப்படுகிறது. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களிலிருந்து 5,362 பேரைத் தொடர்ந்தார்கள். படிப்பில் கெட்டிக்காரர்களான தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கிராமர் பள்ளிகளில் (தேர்ந்தெடுத்த மாணவர்களை மட்டும் சேர்க்கும் பள்ளிகள்) இடம் பிடிப்பதில் பின்தங்குவதைக் காட்டியது அந்த ஆய்வு; உறுப்பினர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பி உறவை வளர்த்ததும் அதுவே. ஆனால் அந்த 5,362 பேரில் இரட்டையர்கள் இல்லை, மணமாகாத தாய்மார்களின் பிள்ளைகளும் இல்லை. 1958 மார்ச்சில் ஒரு வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு கொஞ்சம் தாராளம்: அந்த வாரத்தில் வேறு நாட்டில் பிறந்து, பின்னர் குடியேறிய பிள்ளைகளைப் பள்ளிகள் வழியாகத் தேடிச் சேர்த்துக்கொண்டது.

'ஒரே நாளில் ஐந்து வயதுக்காரர்களையும் பதினைந்து வயதுக்காரர்களையும் அளந்தால் போதாதா, மலிவாக முடியுமே' என்பார்கள் சிலர். போதாது. அவர்கள் வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு காலத்தில் வளர்ந்தவர்கள். ஒருவன் எப்படி மாறினான் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

ஆகவே நிதி ஒதுக்குகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது. ஒரு லட்சத்தைப் பத்தாயிரமாகக் குறையுங்கள். மிச்சப்படும் பணத்தில், மாறிப்போன முகவரியைத் தேடி அலையும் களப்பணியாளர்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள். குழந்தைக்காகப் பெற்றோர் கொடுத்த சம்மதத்தை, அவன் வளர்ந்த பிறகு அவனிடமே மறுபடி கேளுங்கள். கேட்டு மதிக்கப்பட்டவன் அடுத்த முறையும் கதவைத் திறப்பான். அறிக்கையின் முதல் பக்கத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், விலகியவர்களின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்.