மாமா குடிக்கவில்லை

மாமாவின் மரண அறிவித்தலுக்குக் கீழே ஒருவர் எழுதியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இப்ப அழித்துவிட்டார். "ஈரல் போய்ச் செத்ததென்றால் வேற என்ன, போத்தல்தான்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அதற்குப் பதினேழு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் அன்று பந்தலுக்குள் இருந்து எங்கள் வீட்டுத் தேத்தண்ணி குடித்தவர்கள்.

மாமா குடிக்கவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முள்ளியவளையில் இருந்து விரதத்தோடு நடந்துபோகிற மனுசன். அவரிடம் இருந்தது சீனி வருத்தம், கொஞ்சம் தொந்தி, மில் கதிரையில் இருந்தபடியே நாளைக்கு ஏழெட்டுச் சீனித் தேத்தண்ணி. அவ்வளவுதான். ஈரலில் கொழுப்புப் படிய அது போதும்.

கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினா. ஈரல் கலங்கள் வரம்பு மாதிரி வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் வாய்க்கால் மாதிரி இரத்தம் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய இடைவெளியில் நட்சத்திர வடிவில் சில கலங்கள். கூப்ஃபர் என்ற ஜெர்மன்காரர் 1876-லேயே அவற்றைக் கண்டு எழுதிவிட்டார். சாதாரண நாளில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை, விற்றமின் ஏ-யை எண்ணெய்த் துளியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஈரல் கலங்கள் நாளாந்தம் சாகத் தொடங்கினால்தான் கதை மாறும். அங்கேயே காவல் இருக்கிற நோயெதிர்ப்புக் கலங்கள் டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞையை விடும். நட்சத்திரக் கலம் எண்ணெயைக் கைவிட்டு, வேறொரு கலமாகவே மாறி, கொலாஜன் நாரை இழுக்கத் தொடங்கும்.

நல்ல வேலைதான் அது. 2009-இல் என் முழங்காலுக்குக் கீழே ஷெல் துண்டு பட்டபோதும் நார் இழுத்துத்தான் புண்ணை மூடியது. புண் ஆறியதும் வேலை நின்றது. தழும்பை இப்பவும் தடவிப் பார்க்கலாம். ஈரலில் அப்படி நிற்பதில்லை, உள்ளே அடி விழுந்துகொண்டே இருக்கிறதே! நார் சேரச் சேர ஈரல் இறுகும். இறுகிய இடமே அந்தக் கலத்தை இன்னும் நார் இழுக்கத் தூண்டும். குடலில் இருந்து வருகிற இரத்தம் உள்ளே போக வழியில்லாமல் முட்டும், வயிற்றில் தண்ணி கட்டும், தொண்டைக்குக் கீழே நாளங்கள் வீங்கி வெடிக்கும். மாமா விடியப்புறம் இரத்தமாகச் சத்தி எடுத்தது அதனால்தான். இதில் எந்த இடத்தில் போத்தல் வந்தது? அந்தக் கலத்துக்குக் கொழுப்பும் ஒன்றுதான், வைரசும் ஒன்றுதான், சாராயமும் ஒன்றுதான்.

"அப்ப குடியை நியாயப்படுத்துறீரோ?" என்று ஒருத்தர் வருவார். இல்லை. கசிப்பு எங்கள் ஊரில் எத்தனை வீட்டைத் தின்றதென்று எனக்கும் தெரியும். அது வேற பதிவு.

"நீர் டொக்டரோ?" இல்லை. சிரித்தவரும் டொக்டர் இல்லை.

"ஈரல் இறுகினால் முடிஞ்சுது, கதைச்சு என்ன?" என்றும் உள்பெட்டியில் வந்தது. இதற்குத்தான் எனக்குக் கூடக் கோபம். முடியவில்லை ஐயா. காரணத்தை நிறுத்தினால் அந்த நட்சத்திரக் கலங்களில் ஒரு பங்கு செத்துப்போகும், ஒரு பங்கு பழையபடி அடங்கும், வேறு கலங்கள் நொதியம் விட்டு நாரைத் தின்னும். 2013-இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் குளிசை எடுத்தவர்களில் 96 பேருக்குத் தொடக்கத்திலேயே சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பாகி இறுகிய நிலை. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஈரல் துணுக்கு எடுத்துப் பார்த்தால் 71 பேருக்கு அது இல்லை. கொழுப்பீரலுக்கு உடல் எடையில் பத்தில் ஒன்று குறைந்தால் பலருக்குத் தழும்பும் குறைகிறது. மாமா 84 கிலோ. எட்டுக் கிலோ, எட்டரைக் கிலோ! 2024-இல் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்று ஒரு குளிசைக்கு அனுமதியும் கொடுத்தார்கள், சிரோசிஸ் வரமுதல் எடுக்கிறதுக்கு. எல்லாமே நேரத்தோடு போனால்தான்.

கீழாநெல்லிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். செங்கமாரி வந்தபோது அம்மா எனக்கும் அரைத்துத் தந்தவ. ஆனால் பெயரில்லாத போத்தலில் கறுப்புக் கஷாயம் விற்று, 'இருபத்தொரு நாளில் ஈரல் புதிசு' என்றவரிடம் மாமா மூன்று மாதம் வாங்கினார். அதுக்குள் என்ன இருந்ததென்று அந்த ஆளுக்கும் தெரியாது. அந்தப் போத்தலைப் பற்றி ஒருவரும் சிரித்து எழுதவில்லை.

ஏன் பிந்திப் போனார் என்று கேட்கிறீர்கள். எட்டுச் செலவுக்கு முதல்நாள் மாமி பஞ்சாங்கத்தை எடுக்க, அதற்குள் மடித்தபடி ஸ்கான் அறிக்கை. திகதி பார்த்தேன், பதினொரு மாதத்துக்கு முந்தையது. 'ஈரல் என்று வெளியில தெரிஞ்சா சனம் என்னைக் குடிகாரன் என்று சொல்லும்' என்று மாமியிடம் ஒருதரம் சொன்னாராம். மாமி பகிடி என்று நினைத்திருக்கிறா.

அந்தியேட்டி அடுத்த மாதம். பதினேழு பேரும் வாங்கோ, சாப்பாடு இருக்கு. மாமியிடம் மட்டும் ஒன்றும் கேட்காதீங்கோ.